ஜலதோஷம் என்று சொல்லியிருக்கலாம்

என் கணவருக்கு வந்தது சளிக் காய்ச்சல். சீட்டில் எழுதப்பட்டது வாந்தி. இரண்டுக்கும் நடுவில் இருந்தது என் நாக்கு.

பொறுமையாக எழுது என்று மகள் சொல்லியிருக்கிறாள். முயற்சி செய்கிறேன். உங்கள் வீட்டிலும் யாரையாவது சாதாரணக் காய்ச்சல் என்று கூட்டிப்போய், இப்போது ஐசியு (தீவிர சிகிச்சைப் பிரிவு) வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், இது உங்களுக்காகத்தான். ஆறுதல் சொல்ல வரவில்லை. எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் மேலெல்லாம் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அவர் பெயர் பாஸ்கர். தீவுகளுக்கிடையே ஓடும் பயணிகள் கப்பலில் கிரீசர் (எஞ்சின் அறையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுப் பராமரிப்பவர்). வயது நாற்பத்தொன்பது. பீடி, சிகரெட் கிடையாது. அந்தமானில், போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் கோவில்பட்டிக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து பத்தொன்பது வருஷமாகிறது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். மகள் அபி பன்னிரண்டாம் வகுப்பு. டெலானிபூரில் மேட்டின் மேல் குவார்ட்டர்ஸ். ரோட்டிலிருந்து வீட்டுக்கு நாற்பத்து நான்கு படிகள்.

கேம்பல் பே போய்த் திரும்பிய கப்பலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்து இறங்கினார். பையை வாசலிலேயே போட்டுவிட்டுப் படுத்தார். உடம்பு அடித்துப் போட்டாற்போல வலிக்கிறது என்றார். கப்பலில் பாதிப் பேருக்கு இருமலாம். நெற்றியைத் தொட்டால் அனலாக இருந்தது. மிளகு ரசம் வைத்தேன், பாராசிட்டமால் கொடுத்தேன், இரண்டு நாள் போர்த்திப் படுங்கள் என்றேன். எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் செய்தேன்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. பக்கத்திலிருந்த ஒரு சின்ன மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். எது என்று எழுதப் போவதில்லை. கூட்டம் வாசல்வரை நின்றது. டெங்குக் காலம். நுழைந்தவுடன் ஒரு மேசை, அங்கே ஒரு நர்ஸ், என்ன தொந்தரவு என்று கேட்டுச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவார். அந்தப் பெண் கேரளத்திலிருந்து வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இந்த ஊரில் யாரிடம் பேசுவதானாலும் முதலில் வாயில் வருவது இந்திதான். எதிரில் இருப்பவர் வங்காளியா, தெலுங்கரா, மலையாளியா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நானும் இந்தியில் சொன்னேன்: "சர்தி, புகார். தீன் தின் ஸே."

தீன் தின் ஸே என்றால் மூன்று நாளாக. சர்தி என்றால் சளி. புகார் என்றால் காய்ச்சல். தமிழில் புகார் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு அது இல்லை. இப்போது நிறைய இருக்கிறது.

என் இந்தியில் ஒரு கோளாறு உண்டு. தமிழ் பேசும்போது அது வராது. இந்தி என்றவுடன் தப்பாகிவிடக் கூடாதே என்று ஒவ்வோர் எழுத்தையும் அழுத்திவிடுவேன். 'ஸ' என்று காற்றாக வரவேண்டியது என் வாயில் 'ச்ச' என்று வரும். காய்கறிக் கடையில் நான் "ச்சப்ஜி" கேட்டால் அபி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்றைக்கும் நான் சொன்னது 'ஸர்தி' அல்ல, 'ச்சர்தி'.

மலையாளத்தில் ச்சர்தி என்றால் வாந்தி.

அந்தப் பெண்ணின் முகம் ஒரு கணம் மலர்ந்தது ஞாபகமிருக்கிறது. காலையிலிருந்து தெரியாத பாஷையில் மல்லாடிக்கொண்டிருந்தவளுக்குத் தன் ஊர்ச் சொல் ஒன்று காதில் விழுந்திருக்கிறது. சிரித்துக்கொண்டே எழுதினாள். நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அவள் மேல் எனக்குக் கோபமில்லை, அதுதான் பெரிய எரிச்சல். கோபப்பட ஒருத்தியாவது மிஞ்சியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வயிற்றெரிச்சல் இன்னொன்றும் உண்டு. தமிழிலேயே 'ஜலதோஷம்' என்று சொல்லியிருந்தால் அவளுக்கு அப்படியே புரிந்திருக்கும். மலையாளத்திலும் அதே சொல்தான். பத்தொன்பது வருஷ இந்தியைக் காட்டாமல் இருந்திருந்தால் போதும்.

டாக்டர் அறைக்குள் நோயாளியை மட்டும்தான் விட்டார்கள். நான் பையோடு வெளியில் நின்றேன். பத்து நிமிடத்தில் அவர் வெளியே வந்தார். வாந்திக்கு ஓர் ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ், டெங்குவுக்கு ரத்தப் பரிசோதனை. வாந்தி ஊசி எதற்கு என்று கேட்டதற்கு, சாப்பிடாமல் இருப்பதால் கொடுத்திருப்பார் என்றார். சரிதான் என்று விட்டுவிட்டேன். டெங்கு இல்லை என்று வந்தது. சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். தினமும் நூறு பேர் விண்ணப்பத்தைப் படித்துத் திருத்துகிறவள் நான். அந்த ஒரு சீட்டைப் படிக்கவில்லை.

நான்காம் நாள் காய்ச்சல் குறைந்தது. கோவில்பட்டிக்குப் போன் போட்டு, தேவலை என்று சொன்னேன். இதை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள்: காய்ச்சல் இறங்குவது வேறு, நோய் இறங்குவது வேறு. அவர் மூச்சு அன்றைக்கே வேகமாகியிருந்தது. நெஞ்சைப் பார்த்து எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். நான் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் குளியலறையிலிருந்து கட்டில்வரை வந்தவர் ஏதோ கேட்டார். "தண்ணி" என்றார். நின்றார். "கொஞ்சம்" என்றார். மறுபடி நின்றார். ஒரு வாக்கியம் சொல்ல மூச்சு இல்லை. நகங்கள் நீலமாக இருந்தன. பக்கத்து வீட்டு ஆண்கள் இருவர் அவரை நாற்காலியோடு தூக்கி அத்தனை படிகளையும் இறக்கினார்கள். படிகளை நான் முதன்முதலாக எண்ணியது அன்றைக்குத்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் விரலில் ஆக்ஸிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவி) மாட்டினார்கள். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது எழுபத்தாறு. எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரல் இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது. மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையில் இன்ஃப்ளூயன்ஸா ஏ என்று வந்தது. ஃப்ளூ. வெறும் ஃப்ளூ என்று நாம் சொல்வோமே, அதுதான்.

அவரைப் பார்த்தவர் டாக்டர் மண்டல். முப்பத்தைந்து வயதிருக்கும். மாயாபந்தர் பக்கம் குடியேறிய வங்காளக் குடும்பத்துப் பெண். முதலில் யார் பார்த்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்று இந்தியில் கேட்டார். சீட்டை எடுத்துக் கொடுத்தேன். படித்தார். திரும்பவும் படித்தார். எத்தனை தடவை வாந்தி எடுத்தார் என்று கேட்டார்.

வாந்தியே இல்லையே என்றேன்.

அபி சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "அம்மா, அந்த நர்ஸ்கிட்ட நீ என்ன சொன்ன?"

"சர்தின்னுதான் சொன்னேன்."

ஆக்சிஜன் குழாயைச் சரி செய்துகொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தார். அவரும் மலையாளி, பல வருஷமாக இங்கே இருப்பவர். கொஞ்சம் தயங்கிவிட்டு, "சேச்சி, எங்க பாஷையில சர்தின்னா வாந்தி" என்றார்.

நாக்கில் சனி என்று சும்மா சொல்லவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன்னைத்தான் கெடுத்துக்கொள்ளும்.

ஃப்ளூ வைரஸுக்கு ஓசெல்டாமிவிர் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. நோய் தொடங்கிய முதல் இரண்டு நாளில் கொடுத்தால்தான் அதன் முழுப் பலன். தாமதமானாலும் இவ்வளவு கடுமையாக இருப்பவர்களுக்குக் கொடுப்பார்கள். கொடுத்தார்கள். மூன்றாம் நாளே கொடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார் டாக்டர். மறுநாளும் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்றாவது, இல்லை என்றாவது சொல்லித் தொலையுங்களேன் என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆமாம் என்றால் அழுது தீர்ப்பேன். இல்லை என்றால் சாப்பிடுவேன். இந்தச் சொல்ல முடியாதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் வென்டிலேட்டரில் (மூச்சுக் குழாய் வழியே காற்றைச் செலுத்தும் இயந்திரம்) போட்டார்கள்.

பார்வை நேரம் மாலை நான்கிலிருந்து ஐந்துவரை. ஒரு நாள் அந்த நேரம் முடிந்ததும் டாக்டரை வழிமறித்தேன். மாத்திரை கொடுத்து நான்கு நாளாகிறது, வைரஸ் குறைகிறது என்கிறீர்கள், அவர் நிலைமை ஏன் மோசமாகிறது, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லாமல் இன்றைக்கு விடமாட்டேன் என்றேன். நான் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் ஒரு பாக்குக் குலை வரைந்தார்.

நுரையீரல் உள்ளே இப்படித்தான் இருக்கும், ஒவ்வொரு காயும் ஒரு காற்றறை (மூச்சுக்காற்று போய்ச் சேரும் மிகச் சிறிய பை) என்றார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆல்வியோலார் மேக்ரோஃபேஜ் (காற்றறையிலேயே வாழ்ந்து, தூசியையும் கிருமியையும் விழுங்கும் நோய் எதிர்ப்பு செல்) குடியிருக்கும். குழந்தை பிறக்கும் சமயத்திலேயே வந்து உட்கார்ந்துவிடும். வெளியிலிருந்து ஆள் வரத் தேவையில்லாமல் அங்கேயே பெருகிக்கொள்ளும். நாள் முழுக்கச் சத்தமில்லாமல் பெருக்கித் துடைப்பதுதான் வேலை. எஞ்சின் அறைப் புகையையும் எண்ணெய் ஆவியையும் இத்தனை வருஷம் அவர் நெஞ்சில் சுத்தம் செய்தது அவைதான். சின்னச் சின்னக் கிருமி வந்தால் ஊரைக் கூட்டாமல் தாங்களே முடித்துவிடும். மற்ற செல்களையும் சும்மா இரு என்று அடக்கிவைக்கும்.

ஃப்ளூ கடுமையாகத் தாக்கினால் இவை நிறையச் செத்துப்போகின்றன. அந்த இடத்துக்கு ரத்தத்திலிருந்து மோனோசைட் (எலும்பு மஜ்ஜையில் உருவாகி ரத்தத்தில் சுற்றும் வெள்ளணு) கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறது. வந்தவை மேக்ரோஃபேஜாக மாறுகின்றன. ஆனால் பழைய ஆட்களின் பக்குவம் இல்லை. எதைப் பார்த்தாலும் அபாயச் செய்தி அனுப்பும், இன்னும் ஆட்களைக் கூப்பிடும். கிருமியை அடிக்கிற வேகத்தில் காற்றறையின் சுவரும் கிழியும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து அறைக்குள் நிரம்பும். எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளை அதுதான். வைரஸ் பற்றவைத்துவிட்டது, இப்போது எரிந்துகொண்டிருப்பது அவருடைய சொந்தப் படையின் சண்டை என்றார்.

"லோக்கல் வாலே மர் கயே, தீதீ" என்றார். "மெயின்லேண்ட் ஸே ஃபோர்ஸ் ஆயா ஹை. உன்கோ யஹாங் கா ராஸ்தா நஹீங் மாலூம்." உள்ளூர்க்காரர்கள் செத்துவிட்டார்கள், மெயின்லேண்டிலிருந்து, அதாவது கடலுக்கு அந்தப் பக்கத்து இந்தியாவிலிருந்து, வந்த படைக்கு இந்த ஊர் வழி தெரியாது.

எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊரில் ஒரு படிவம் நிரப்பப் போனாலும் லோக்கலா, மெயின்லேண்டா என்றுதான் முதல் கேள்வி. பத்தொன்பது வருஷம் கழித்தும் எங்கள் அலுவலகத்தில் நான் மெயின்லேண்ட்வாலிதான். வந்தவர்கள்தான் வீட்டைக் கெடுத்தார்கள் என்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு எனக்கே அசிங்கமாக இருந்தது. செல்லைப் பற்றிப் பேசும்போது என் கதையை இழுக்கிறேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்கள் வராவிட்டால் உங்கள் கணவர் முதல் வாரமே போயிருப்பார் என்றார். அவர்களை முழுக்க அடக்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம். விட்டுவிட்டால் நுரையீரல் போகும். அவர்கள் அடங்கும்வரை உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் எங்கள் வேலை என்றார். எத்தனை நாள் என்றேன். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த நாட்களில் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: மெயின்லேண்டுக்குக் கொண்டுபோ. என் அண்ணன் தினமும் போன் செய்து, அந்தத் தீவுல என்ன இருக்குன்னு இன்னும் வச்சிக்கிட்டு இருக்க, சென்னைக்குத் தூக்கிட்டு வா என்பான். தூக்கிட்டு வர அவர் என்ன மூட்டையா? அந்த அளவு ஆக்சிஜனில் இருப்பவரை விமானத்தில் ஏற்றினால் பாதி வழியில் முடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போதாக்குறைக்கு மூன்று நாளாக மழை, விமானங்கள் ரத்து. இதை அண்ணனுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கடைசியில் அவன் போனை எடுப்பதையே நிறுத்தினேன். இன்றுவரை அவன் மனத்தாங்கலாக இருக்கிறான். இருக்கட்டும்.

பெரும்பாலான நேரம் அவரைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். அப்படிப் படுத்தால் நுரையீரலின் பின்பக்கத்துக்கும் காற்று போகுமாம். அதனால் பார்வை நேரத்தில் எனக்குக் கிடைத்தது அவர் முதுகுதான். முகம் ஒரு பக்கம் திரும்பி வீங்கியிருக்கும், அதைப் பார்க்க என்னால் ஆகவில்லை. முதுகைப் பார்த்தே பேசினேன். அபி எழுதிய தேர்வைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வருவதைத் திட்டினேன். ஒரு நாள் மட்டும் குனிந்து, "என்னங்க, சர்தின்னு தப்பா சொன்னது நாந்தாங்க" என்றேன். இயந்திரம் ஒரே சீராகக் காற்றை விட்டுக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் மறுபடி காய்ச்சல் வந்தது. இந்த முறை பாக்டீரியா. ஃப்ளூவுக்குப் பின்னால் இது வருவது உண்டு, பழைய துப்புரவு ஆட்கள் இல்லாத வீட்டில் புதியவர்களுக்குச் சண்டை தெரிகிற அளவுக்குத் துடைக்கத் தெரியாது என்றார் டாக்டர் மண்டல். ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. அந்த எக்ஸ்ரே உறையைக் கிழித்துப் போட வேண்டும்போல ஆத்திரம்தான் வந்தது. நான் கும்பிடுகிற முருகனிடம் சண்டை போட்டேன். அவர் காதிலும் அது வேறு பாஷையில் விழுந்திருக்குமோ என்னவோ.

பதினோராம் நாள் காற்றின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். தாங்கினார். பதினான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். பேச்சு வரவில்லை. கை தூக்க முடியவில்லை. நான்கு வாளித் தண்ணீரை இரண்டு கையில் ஒரே நடையில் மேலே கொண்டுவருகிறவர், கரண்டியைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிழைத்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். இனிப்பு கொடுக்கச் சொன்னார்கள்.

ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு வந்தோம். இறக்கிய அதே இருவர் ஏற்றிவிட்டார்கள். வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வைத்தோம். இந்த ஊர் கரண்டைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்கு: கரண்ட் போனால் அந்தக் கருவி கீச்சென்று கத்தும். அடுப்பிலிருப்பதை விட்டுவிட்டு ஓடி, சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்ற வேண்டும். கரண்ட் வந்ததும் திரும்ப மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து முறை செய்திருக்கிறேன். மின்சாரத் துறைக்கு நான் எழுதிய மனுக்களைச் சேர்த்தால் ஒரு புத்தகம் வரும்.

மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருந்தார்கள். குழாய் வழியே மூச்சை உள்ளே இழுத்தால் பந்து எழும்பும். முதல் மாதம் ஒரு பந்து பாதி எழும்பி விழும். அவர் அதை முறைப்பார். நான் அவரை முறைப்பேன். இன்னொரு தடவை இழுங்க என்பேன். தலையைத் திருப்பிக்கொள்வார். பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும், குணமாயிடுச்சா என்று கேட்பார்கள். ஆகிவிட்டது என்றால் பொய். இல்லை என்றால் ஒரு கஷாயம் சொல்வார்கள்.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் எக்ஸ்ரேயில் நிழல் பாக்கி இருந்தது. வந்த செல்கள் போய்விட்டனவா என்று டாக்டரிடம் கேட்டேன். பாதி அடங்கிவிட்டன, பாதி அங்கேயே தங்கிவிட்டன, தங்கியவை மெதுவாகப் பழைய ஆட்களின் வேலையைக் கற்றுக்கொள்ளும் என்றார். எப்போது முழுதாக லோக்கல் ஆகும் என்றேன். சிரித்தார். எலிகளில் பார்த்தவரை மாதக்கணக்கு ஆகிறது, அப்போதும் முழுதாகப் பழைய மாதிரி ஆவதில்லை, வந்த இடத்து ஞாபகம் கொஞ்சம் வைத்திருக்கும், மனிதர்களில் எப்படி என்று இன்னும் சரியாகத் தெரியாது என்றார். அந்தத் தெரியாதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடிந்தது. நானே அப்படித்தானே இருக்கிறேன்.

ஆறாம் மாதம் மெடிக்கல் போர்டு (வேலைக்குத் தகுதியா என்று பார்க்கும் மருத்துவர் குழு) கூடியது. எஞ்சின் அறை கூடாது என்று எழுதினார்கள். ஷோர் டியூட்டி, அதாவது கரையிலேயே வேலை. ஜெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டோரில் உட்கார்ந்து உதிரிப் பாகங்களுக்குப் பதிவேடு எழுதுகிற வேலை. அவர் அந்த வாரம் முழுக்கச் சட்டையைக் கழற்றாமல் மத்தியானத்தில் தூங்கினார்.

எனக்கு அது தாங்கவில்லை. என் ஒரு சொல்லால் ஒரு மனிதனின் வேலை போயிற்று. அபிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், பெரிய ஆஸ்பத்திரி நர்ஸுக்குத் தெரியும். அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. மயக்கத்தில் இருந்தவரின் முதுகிடம் சொன்னது கணக்கில் சேராது. தினமும் சொல்ல வாயெடுத்துப் பிறகு வேறெதையோ சொல்லி எரிந்து விழுவேன். ஏழு மாதம் அப்படி ஓட்டினேன்.

சமதரையில் நடக்கச் சொல்லியிருந்தார்கள். டெலானிபூரில் சமதரைக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டோ பிடித்து மின்னி பே போவோம். அங்கே கடலோரமாகக் கொஞ்ச தூரம் நடப்பார். பிறகு சுவரில் உட்காருவார். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் சொல்லிவிட்டேன். ச்சர்தி, நர்ஸ், சீட்டு எல்லாவற்றையும். கடலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

அபி சொன்னாளா என்று கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும். அந்தப் பொண்ணு எழுதும்போதே." நின்றார். "எஞ்சின் ரூம்ல பாதிப் பேரு மலையாளிங்க. ச்சர்தி எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"சளி, இருமல்னா எக்ஸ்ரே எடுப்பான். டிபியான்னு கஃபம் டெஸ்ட் பண்ணுவான்." மறுபடி நின்றார். "கூட வேலை பார்த்த தாமஸுக்கு அப்படித்தான ஆச்சு. ஆறு மாசம் ஸ்டோர்ல உக்கார வச்சான். சனிக்கிழமை கப்பல் செய்லிங் இருந்துச்சு, செல்வி."

பிறகு, அவசரமே இல்லாமல், மிச்சத்தையும் சொன்னார். உள்ளே டாக்டர் அவரைத் தெளிவாகவே கேட்டிருக்கிறார், எத்தனை தடவை வாந்தி என்று. நான்கு தடவை என்றிருக்கிறார். இருமல் இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றிருக்கிறார். இருமல் வராமல் இருக்க ஒரு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டுதான் உள்ளேயே போயிருக்கிறார்.

ஏழு மாதம். ஏழு மாதமாக என் நாக்கை அறுத்துப் போடலாமா என்று நான் செத்துக்கொண்டிருக்கிறேன், இந்த மனுஷன் மிட்டாய் சப்பியிருக்கிறார். சுவரிலிருந்து எழுந்து நின்று திட்ட ஆரம்பித்தேன். கோவில்பட்டியில் எத்தனை வசவு கற்றுக்கொண்டேனோ அத்தனையும் வந்தது. நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாஷை புரிந்ததோ இல்லையோ, விஷயம் புரிந்திருக்கும். எந்த ஸ்டோருக்குப் பயந்தீர்களோ அதே ஸ்டோரில்தானே இப்போது உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

அவருக்கும் கோபம் வந்தது. முகத்தில் தெரிந்தது. முன்பெல்லாம் நான் பாதி சொல்லும்போதே எதிர்ப்பேச்சு வந்து விழும், நான் முடிப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருப்பார். எங்கள் சண்டை எதுவும் ஐந்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. அன்றைக்கு வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. தோள் இரண்டும் ஏறி இறங்கின. ஒரு கையைத் தூக்கி, இரு என்று காட்டினார்.

நான் விடாமல் பேசியிருக்கலாம். நியாயம் என் பக்கம் இருந்தது, மூச்சும் என் பக்கம்தான் இருந்தது.

உட்கார்ந்தேன். அவர் உதட்டைக் குவித்து, சொல்லிக்கொடுத்த மாதிரி மெல்ல ஊதி ஊதி மூச்சை மீட்டார். நான் நகத்தின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியத்துக்கு வேண்டிய மூச்சு சேர்ந்ததும், "நீ மட்டும் அந்தச் சீட்டப் படிச்சியா?" என்றார். அதற்கு நான் பத்து வாக்கியம் சொன்னேன். மறுபடி கை எழுந்தது. மறுபடி நிறுத்தினேன்.

அந்தச் சண்டை இருட்டும்வரை நடந்தது. நடுநடுவே அவர் மூச்சு வாங்கி முடிக்கட்டும் என்று, அவரிடம் திட்டு வாங்குவதற்காக, நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.